நீச்சல் தெரியாத குழந்தைகளோடு வாட்டர் பார்க்: எதில் இறக்கலாம், எதில் கூடாது?

மூணு வாண்டுகள்

அடுத்த மாசம் குடும்பத்தோட வாட்டர் பார்க் போறோம். பெரியவங்க மூணு பேர், குழந்தைங்க மூணு பேர். வயசு ஒண்ணரை, நாலு, ஏழு. மூணு பேருக்கும் நீச்சல் தெரியாது. பெரியவங்கள்ல ஒருத்தருக்குத்தான் தெரியும். கையில மாட்டுற காத்துப் பட்டை வாங்கினா போதுமா, லைஃப் ஜாக்கெட்டே வேணுமா? எந்த ரைடுக்கு யாரைக் கூட்டிட்டுப் போகலாம்? "பாத்து இருங்க"ன்னு நிறைய பேர் சொல்லிட்டாங்க. எப்படிப் பாக்கணும்னுதான் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரைக்காவலர்

உங்க கணக்கு நல்ல கணக்கு, மூணுக்கு மூணு. அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்னு விடாம, கிளம்பும்போதே பேர் சொல்லிப் பிரிச்சுக்கோங்க. இந்தக் குழந்தைக்கு இவர்தான் பொறுப்பு. மூணு பெரியவங்களும் சேர்ந்து மூணு குழந்தைகளையும் பாக்குறதுன்னா, நீ பார்ப்பேன்னு நான் இருப்பேன், நான் பார்ப்பேன்னு நீ இருப்பே. தண்ணீர் விபத்துல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் இதுதான்.

பொறுப்பை மாத்தும்போது வாயால சொல்லணும். "டாய்லெட் போறேன், நீ பாத்துக்கோ"ன்னு சொன்னா போதாது. எதிர்ல இருக்கறவர் குழந்தையைப் பார்த்து, "சரி, இனி நான் பாக்குறேன்"னு பதில் சொல்ற வரைக்கும் நீங்க நகரக் கூடாது. 15 நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாத்துறது நல்லது, அதுக்கு மேல கவனம் தானா தளரும். பாக்குற முறைல இருக்கறவர் கையில போன் வேண்டாம், போட்டோ எடுக்கக்கூட.

தூரம்: கையெட்டும் தூரம். கையை நீட்டினா குழந்தை மேல படணும். ஏன் இவ்வளவு கண்டிப்புன்னா, லைஃப்கார்டு பயிற்சியில 10/20ன்னு ஒரு அளவு உண்டு. 10 நொடிக்குள்ள தன் பகுதி முழுசையும் ஒருமுறை கண்ணால அலசிடணும், ஆபத்தைப் பார்த்ததும் 20 நொடிக்குள்ள ஆளை எட்டிடணும். நல்லா வேலை செஞ்சாலே 30 நொடி ஆகலாம். நீச்சல் தெரியாத ஆள் மேல்மட்டத்துல தத்தளிக்கிற நேரமே 20லேருந்து 60 நொடிதான், சின்னக் குழந்தைக்கு அந்தக் கீழ் அளவுதான் கிடைக்கும். லைஃப்கார்டு இருக்கார்ங்கிறது உங்க கைக்கு மாற்று இல்ல.

இன்னொண்ணு, மூழ்குற குழந்தை கத்தாது. வாய் தண்ணி மட்டத்துக்கு மேலயும் கீழயுமா போயிட்டு வரும், கிடைக்கிற நேரம் மூச்சு இழுக்கவே சரியாப் போயிடும், சத்தம் வர வழியில்ல. கையை மேல தூக்கி ஆட்டாது. ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணியை அமுக்கும். உடம்பு நேரா நிக்கும், தலை பின்னால சாயும், முடி கண்ணை மூடும். தூரத்துலேருந்து பார்த்தா சும்மா நின்னு விளையாடுற மாதிரியே இருக்கும்.

தவளைநீச்சல்

காற்றுப் பட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். நீச்சல் கற்றுத் தருபவர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள். மூன்று காரணங்கள். ஈரக் கை வழுக்கும், குழந்தை கையை மேலே தூக்கினால் பட்டை கழன்று வந்துவிடும். ஊசி முனை அளவு ஓட்டை போதும், காற்று மெல்ல இறங்குவது வெளியே தெரியாது. மூன்றாவது, பலர் யோசிக்காதது: பட்டை குழந்தையைத் தண்ணீரில் நெட்டுக்குத்தாக நிற்க வைத்துப் பழக்குகிறது. மிதப்பதற்கு உடம்பு படுக்க வேண்டும். நெட்டுக்குத்தாக நிற்பது மூழ்கும் நிலை. பட்டையோடு பழகிய குழந்தை, பட்டை இல்லாத நேரத்திலும் தனக்கு மிதக்கத் தெரியும் என்று நம்பிக் குதித்துவிடும்.

கால் நுழைக்கும் ஓட்டை வைத்த காற்று வளையத்தையும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாங்காதீர்கள். சின்னக் குழந்தைக்குத் தலைதான் கனம். ஒரு பக்கம் சாய்ந்தால் வளையம் கவிழும். கால் மாட்டியிருப்பதால் குழந்தை தலைகீழாகத் தொங்கும், தானாக நிமிர முடியாது.

மழைக்காகிதம்

எனக்கு இதுல கொஞ்சம் மாறுபட்ட கருத்து. முழங்கால் அளவு தண்ணில, பெரியவங்க பக்கத்துலயே இருக்கும்போது காத்துப் பட்டை போட்டா என்ன ஆயிடப் போகுது? ஒண்ணுமே இல்லாததுக்கு அது மேல் இல்லையா? லைஃப் ஜாக்கெட் போட்டா குழந்தை அரை மணி நேரத்துல அழுதுடும்.

தவளைநீச்சல்

பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் முழங்கால் தண்ணீரில் எதுவுமே போட வேண்டாம், அதுதான் நல்லது. குழந்தை தன் காலில் நிற்கப் பழகும். சிக்கல் அடுத்த கட்டத்தில். பட்டை போட்டுவிட்டால் பெரியவர் இரண்டடி தள்ளி உட்காருவார், பிறகு நாலடி. பட்டையின் ஆபத்து பாதி குழந்தையிடம், பாதி நம்மிடம். ஆழம் இடுப்புக்கு மேல் போகும் எல்லா இடத்திலும் லைஃப் ஜாக்கெட் மட்டும்தான். அழுகிறதா, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஆழமில்லாத இடத்துக்கு வந்துவிடுங்கள்.

கரைக்காவலர்

ஜாக்கெட் விஷயத்தை விரிவாச் சொல்றேன், ஏன்னா சரியா மாட்டாத ஜாக்கெட் காத்துப் பட்டையை விட மோசம்.

முதல்ல அளவு. வயசு பார்த்து எடுக்காதீங்க, எடை பார்த்து எடுங்க. ஜாக்கெட்டோட உள்பக்கத் துணியில எடை வரம்பு அச்சடிச்சிருக்கும். பரவலா இருக்குற பிரிவு: 14 கிலோ வரைக்கும் ஒண்ணு, 14லேருந்து 23 கிலோ வரைக்கும் ஒண்ணு, 23லேருந்து 41 கிலோ வரைக்கும் ஒண்ணு. வளருவான்னு ஒரு சைஸ் பெருசா எடுக்கறது சட்டைக்குச் சரி, இதுக்குச் சரி கிடையாது. போறதுக்கு முன்னாடி மூணு பேரோட எடையையும் வெறுங்கால் உயரத்தையும் அளந்து குறிச்சு வெச்சுக்கோங்க. உயரம் ரைடுக்கு வேணும்.

மாட்டுற வரிசை: எல்லா பக்கிளையும் திறந்து, வாரையெல்லாம் தளர்த்தி, கையை நுழைங்க. ஜிப்பை மேல வரைக்கும் இழுங்க. அப்புறம் கீழேருந்து மேல: முதல்ல கால் இடுக்கு வார், அப்புறம் இடுப்பு பக்கிள், அப்புறம் மார்பு பக்கிள். ஒவ்வொண்ணும் "டக்"னு சத்தம் கேக்கணும், கேட்ட பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்க. இறுக்கம் எவ்வளவுன்னா, வாருக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையலாம், அதுக்கு மேல கூடாது.

இப்போ சோதனை. குழந்தையை ரெண்டு கையையும் மேல தூக்கச் சொல்லி, ஜாக்கெட்டோட தோள்பட்டையைப் பிடிச்சு மேல இழுங்க. தாடைக்கும் காதுக்கும் மேல ஜாக்கெட் ஏறினா அளவு பெருசு, இல்லன்னா வார் தளர்வு. தண்ணிக்குள்ள இதேதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதுலேருந்து கீழே நழுவும். கால் இடுக்கு வார் இந்த நழுவலைத் தடுக்கத்தான் இருக்கு. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு அது இல்லாத ஜாக்கெட் குடுத்தா மாத்திக் கேளுங்க. நனைஞ்சதும் வார் இளகும், அதனால முதல் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் ஒருமுறை திரும்ப இறுக்குங்க.

சர்வதேசத் தரக்குறி உள்ள ஜாக்கெட்டுன்னா 50, 100னு எண் போட்டிருக்கும். 50 நீந்தத் தெரிஞ்சவங்களுக்கான மிதவை உதவி, முகத்தை மேல திருப்பித் தராது. 100ம் அதுக்கு மேலயும் இருக்கறது, கழுத்துக்குப் பின்னால காலர் வெச்சது, முகத்தை மேல திருப்பும்படி வடிவமைச்சது. பார்க்குல மாட்டிவிடுற மெல்லிசு ஜாக்கெட் பலதுல காலர் இருக்காது. அதைப் போட்ட குழந்தை குப்புற விழுந்தா குப்புறவே மிதக்கலாம். ஜாக்கெட் போட்டிருந்தாலும் கையெட்டும் தூரம்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

மூணு வாண்டுகள்

இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல, நன்றிங்க. அலைக்குளம்? ஏழு வயசுக்காரனுக்கு அதுதான் வேணுமாம். கரை ஓரத்துல கணுக்கால் தண்ணில உக்காந்தா பரவாயில்லையா?

கரைக்காவலர்

நீச்சல் தெரியாத குழந்தைக்கு வாட்டர் பார்க்குல நான் ரொம்பக் கவலைப்படுற இடம் அதுதான். கணுக்கால் தண்ணிங்கிறது அலை இல்லாதப்ப உள்ள அளவு. அலை வந்ததும் அதே இடம் குழந்தைக்கு இடுப்பு வரைக்கும் ஏறும், உக்காந்திருக்கிற குழந்தைக்கு முகத்துக்கே வரும். வர்ற அலை தள்ளுறது பெருசில்ல, திரும்பிப் போற தண்ணி காலை ஆழத்துப் பக்கமா இழுக்கும். தரையும் அந்தப் பக்கமாத்தான் சரிஞ்சிருக்கும். எழுந்து நிக்கறதுக்குள்ள அடுத்த அலை. ரெண்டு அலைக்கு நடுவுல ஒரு முழு மூச்சுக்குக்கூட நேரம் கிடைக்காம போகலாம்.

கூட்டமும் டியூபும் இன்னொரு சிக்கல். மேல டியூப் அடைச்சுக் கிடந்தா அடியில ஆள் இருக்கறது லைஃப்கார்டு மேடையிலேருந்து தெரியாது. அலை வேகத்துல பெரியவங்க டியூபோட வந்து குழந்தை மேல மோதுறதும் சாதாரணம்.

பெரும்பாலான இடத்துல அலை தொடர்ந்து ஓடாது. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மணியோ சைரனோ அடிப்பாங்க. நின்ன நேரத்துல இறக்குங்க, மணி கேட்டதும் வெளியே வாங்க. ஏழு வயசுக்காரனுக்கு அலை வேணும்னா: ஜாக்கெட், அலை உடைஞ்சு நுரையா முடியற கடைசி விளிம்பு மட்டும், உக்காரக் கூடாது, நிக்கணும். பெரியவர் ஆழத்துப் பக்கம் நிக்கணும், குழந்தை கரைப் பக்கம். பெரியவர் பக்கவாட்டா நின்னா அலையும் தெரியும், குழந்தையும் தெரியும். விரலைப் பிடிக்காதீங்க, ஈரத்துல நழுவும். மணிக்கட்டுக்கு மேல முன்கையைப் பிடிங்க, இல்லன்னா ஜாக்கெட் தோள்பட்டையை. நாலு வயசுக்கும் ஒண்ணரை வயசுக்கும் அலை ஓடுற நேரத்துல வேண்டவே வேண்டாம், இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டும் வேண்டாம். நீங்க வழுக்கினா ரெண்டு பேரும் விழுவீங்க.

டியூப் எண் 7

லேசி ரிவர், அதாவது டியூப்ல உக்காந்து மெதுவா மிதந்து போற செயற்கை ஆறு, அதைப் பத்தி யாரும் சொல்லல. பேரைப் பார்த்து எல்லாரும் அதைத்தான் குழந்தைங்களுக்குத் தேர்ந்தெடுப்பாங்க.

ஆழம் பெரும்பாலும் 75லேருந்து 100 செ.மீ. பெரியவங்களுக்கு இடுப்பளவு. நாலு வயசுக் குழந்தை சராசரியா 100 செ.மீ. உயரம், அதோட மூக்கு 90 செ.மீ. பக்கம் இருக்கும். அதாவது அந்தக் குழந்தைக்கு இந்த ஆறு மூக்குமட்டம், அதுவும் ஓடுற தண்ணி.

டியூப் நடு ஓட்டை பெரியவங்க உக்காரற அளவுக்கு வெட்டினது. சின்னக் குழந்தை அதுல மடங்கி, கையும் காலும் மேல நிக்க, இடுப்பு வழியா அப்படியே கீழே நழுவும். டியூப் மட்டும் மிதந்துகிட்டுப் போகும், பின்னால வர்ற டியூப் குழந்தை தலைக்கு மேல வந்து மூடும். பெரியவர் தன் டியூப்ல மல்லாந்து இருந்தா, அதுலேருந்து எழுந்து காலூன்றவே ரெண்டு மூணு நொடி ஆகும், அதுக்குள்ள ஓட்டம் பிரிச்சுடும்.

அதனால பெரியவர் டியூப்ல ஏறக் கூடாது. குழந்தை ஜாக்கெட்டோட டியூப்ல, அதுவும் நடுவுல தளம் வெச்ச டியூப் இருந்தா அது. பெரியவர் தண்ணில நடந்து, டியூப் கைப்பிடியை ஒரு கையால, ஜாக்கெட்டை மறு கையால பிடிச்சபடி. ஏறும் படி, இறங்கும் படி எங்கெங்க இருக்குன்னு முதல்ல கரையில ஒரு சுற்று நடந்து பாத்துக்கோங்க. இடையில தண்ணி கொட்டுற வளைவு இருந்தா அங்க குழந்தை பயந்து திமிறும், அந்த இடத்துக்கு முன்னாடியே பிடியை இறுக்குங்க. ஒண்ணரை வயசுக்கு இது தேவையே இல்ல.

ஸ்லைடு: உயரப் பலகையில பொதுவா 107, 122 செ.மீ. ரெண்டு கோடு இருக்கும், இடத்துக்கு இடம் மாறும். ஏழு வயசு சராசரி 120 பக்கம். ரெண்டு செ.மீ.தானேன்னு குதிகாலைத் தூக்க வைக்காதீங்க. உயரம், எடை குறைஞ்ச குழந்தை நடுவழியில நின்னுடலாம், பின்னால வர்றவர் மேல வந்து மோதுவார். வளைவுல உடம்பு சுவருக்கு ஏறி, தலை இடிக்கும்.

மடியில வெச்சுக்கிட்டுப் போகாதீங்க. பாதுகாப்புன்னு நினைச்சுச் செய்யறதுதான், ஆனா குழந்தையோட பாதம் பக்கச் சுவர்ல உரசி நின்னா, பின்னால இருக்கற பெரியவரோட மொத்த எடையும் அந்தக் காலை முறுக்கும். முழங்காலுக்குக் கீழ எலும்பு முறியறது இப்படித்தான். குழந்தை தனியாப் போனா பாதம் உரசினாலும் வேகம் குறைஞ்சு நின்னுடும், அவ்வளவுதான்.

பெரியவர் ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. கீழ இருக்கறவர் முதல்ல போய், ஸ்லைடு வாய்க்கு நேரா இல்லாம பக்கத்துல, லைஃப்கார்டு காட்டுற இடத்துல நின்னு கை காட்டினதும் மேல இருக்கறவர் அனுப்பணும். மல்லாந்து, கால் முன்னால, கணுக்காலைக் குறுக்கே போட்டு, கையை மார்புல கட்டி. விழற குளம் எவ்வளவு ஆழம்னு பலகையில இருக்கும். ஒரு மீட்டர்னா 120 செ.மீ. குழந்தைக்குக் கழுத்தளவு, விழுந்த வேகத்துல எது மேல எது கீழன்னு அதுக்குத் தெரியாது. தண்ணி ஓடி நிக்கிற நீண்ட தடத்துல முடியற ஸ்லைடு, குளத்துல விழற ஸ்லைடை விட நீச்சல் தெரியாதவனுக்கு எவ்வளவோ மேல். அப்படிப்பட்டதைத் தேடுங்க.

பம்ப்ரூம்

குழந்தைகள் விளையாடும் பகுதி பற்றி இரண்டு மூன்று குறிப்பு. 15 செ.மீ. தண்ணீர்தானே என்று அங்கே ஓய்வெடுக்க உட்காருபவர்கள் அதிகம். மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீர் போதும், குப்புற விழுந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தலையைத் தூக்கும் பலம் இருக்காது.

உயரத்தில் ஒரு பெரிய வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும். நூற்றுக்கணக்கான லிட்டர் ஒரே வீச்சில் விழும், நேர் கீழே நிற்கும் சின்னக் குழந்தையைத் தரையோடு சாய்த்துவிடும். கவிழும் முன் மணி அடிக்கும் வாளிகளும் உண்டு. இரண்டு முறை கவிழ்வதைப் பார்த்து இடைவெளியைக் கணக்கிட்டுக்கொண்டு இறக்குங்கள்.

தரையிலிருந்து பீச்சும் நீர்த்தாரை மேல் உட்கார விடாதீர்கள். அந்த அழுத்தம் உள்ளுறுப்பைக் கிழிக்கக் கூடியது. சுவரிலோ தரையிலோ உள்ள, தண்ணீரைப் பம்புக்கு இழுக்கும் உறிஞ்சு துளையின் மூடி உடைந்தோ ஆடிக்கொண்டோ இருந்தால் உடனே குழந்தையை வெளியே எடுத்துவிட்டு ஊழியரிடம் சொல்லுங்கள். நீள முடியைக் கொண்டையாகக் கட்டுங்கள், தொங்கும் கயிறு வைத்த உடை வேண்டாம். இரண்டும் உறிஞ்சலில் சிக்கும்.

தண்ணீரின் நிலை கண்ணுக்கே தெரியும். அடித்தளக் கோடும் மூடியும் மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும், கலங்கலாக இருந்தால் இறங்காதீர்கள். மூழ்கியவரையும் அதில் பார்க்க முடியாது. கடுமையான "குளோரின் வாடை" சுத்தத்தின் அடையாளம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாடை அது, கண் எரிச்சலுக்கும் காரணம் அதுவே.

வார்டு நர்ஸ்

உடை நிறத்தையும் சேர்த்துக்கோங்க. நீலம், வெள்ளை, சாம்பல் வேண்டாம், தண்ணிக்குள்ள மறைஞ்சுடும். பளிச்னு ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ்.

ஒண்ணரை வயசுக்கு: சாதாரண டயப்பர் தண்ணியை உறிஞ்சி ஊதி, கனத்துத் தொங்கும், குழந்தை நடக்கவே முடியாது. நீச்சல் டயப்பர் மலத்தை ஓரளவு பிடிக்கும், சிறுநீரைப் பிடிக்காது. அதனால தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி மாட்டினா போதும். மணிக்கொருமுறை பாருங்க, மாத்தறதைக் குளக்கரையில செய்யாம அறைக்குப் போய்ச் செய்யுங்க. மூணு பேர்ல யாருக்காவது வயித்துப்போக்கு இருந்தா தயவுசெஞ்சு தேதியைத் தள்ளிப் போடுங்க. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி, முறையாக் குளோரின் கலந்த தண்ணிலயும் ஒரு வாரத்துக்கு மேல உயிரோட இருக்கும். அந்தக் கிருமின்னு உறுதியானா வயித்துப்போக்கு நின்ன பிறகும் ரெண்டு வாரம் குளத்துல இறங்கக் கூடாது.

சின்ன உடம்பு சீக்கிரம் குளிரும், வெயில் அடிச்சாலும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைங்க. உதடு ஊதா நிறமாகி நடுக்கம் வந்தா ஈர உடையைக் கழற்றி உலர்ந்த துணில சுத்துங்க. குளிர்ல விறைச்ச குழந்தை கால் தடுமாறும். சன்ஸ்கிரீன் ரெண்டு மணிக்கு ஒருமுறையும், தண்ணிலேருந்து வந்து துடைச்ச பிறகும்.

மழைக்காகிதம்

தண்ணி குடிச்சுட்டா தலைகீழாப் பிடிச்சு வயித்தை அமுக்கணும்னு சொல்வாங்களே, அதை எப்படிச் செய்யணும்?

வார்டு நர்ஸ்

செய்யவே கூடாது. வயித்தை அமுக்கினா உள்ள இருக்கறது வாந்தியா வந்து நுரையீரலுக்குப் போகும், மூச்சு குடுக்க வேண்டிய நொடிகளும் வீணாகும்.

மூச்சு இல்லன்னா: லைஃப்கார்டைக் கத்திக் கூப்பிடுங்க, குழந்தையைத் தட்டையா மல்லாக்கப் படுக்க வைங்க. நீர்ல மூழ்கினவங்களுக்குக் குறையறது ஆக்சிஜன், அதனால முதல்ல மூச்சு. தலையை லேசாப் பின்னால சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, மார்பு உயர்ற அளவுக்கு ஊதணும். பயிற்சி முறையைப் பொறுத்து முதல்ல 2 அல்லது 5 மூச்சு. அப்புறம் மார்பு நடுவுல 30 அழுத்தம், 2 மூச்சு, திரும்ப 30. நிமிஷத்துக்கு 100லேருந்து 120 வேகம், ஆழம் மார்புல மூணுல ஒரு பங்கு. போறதுக்கு முன்னாடி ஒருத்தராவது இதை நேர்ல கத்துக்கோங்க, படிச்சு மட்டும் கை வராது.

ஒரு வாய் தண்ணி குடிச்சு இருமிட்டு, உடனே பழையபடி விளையாடினா பயப்பட ஒண்ணும் இல்ல. தண்ணிக்குள்ள போயிட்டு வந்த பிறகு இருமல் நிக்கல, மூச்சு வேகமா இருக்கு, விலா உள்ள இழுக்குது, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், இதுல எது இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. அறிகுறி வர்றதுன்னா பெரும்பாலும் 8 மணி நேரத்துக்குள்ள வந்துடும்.

மூணு வாண்டுகள்

கூட்டத்துல ஒருத்தர் காணாமப் போயிட்டா முதல்ல எங்க தேடணும்? அறிவிப்பு குடுக்கற இடத்துக்குப் போகவா?

கரைக்காவலர்

முதல்ல தண்ணி. பக்கத்துல எது தண்ணியோ அதோட அடி வரைக்கும் பாருங்க, லைஃப்கார்டுகிட்ட "குழந்தையைக் காணோம்"னு சொல்லிடுங்க, அவங்க குளத்தை நிறுத்தி அலசுவாங்க. கடை, டாய்லெட், அறிவிப்பு எல்லாம் இன்னொரு ஆள், அதே நேரத்துல. காலையில உள்ள நுழைஞ்சதும் நீச்சல் உடையோட மூணு பேரையும் ஒரு போட்டோ எடுத்து வெச்சா அடையாளம் சொல்லத் தடுமாற வேண்டாம். போன் நம்பரைத் தண்ணில அழியாத மையால கைப்பட்டையில எழுதிக் கட்டுங்க.

கடைசியா, கிளம்பற நேரம். ஜாக்கெட்டைக் கழற்றித் திருப்பிக் குடுத்திருப்பீங்க, ஒருத்தர் லாக்கர்ல, ஒருத்தர் துண்டு மடிக்க, ஒருத்தர் செருப்பு தேட. நாள் முழுக்கத் தண்ணில பயம் விட்டுப்போன நாலு வயசுக் குழந்தை, ஜாக்கெட் இல்லைங்கிறதை மறந்து திரும்ப இறங்கறது அப்போதான். ஒருத்தர் மூணு குழந்தைகளையும் கூட்டிட்டு வேலிக்கு வெளியே போய் உக்காரட்டும், மத்த ரெண்டு பேர் பையை அடுக்கட்டும்.